ஐந்தாவது வாகனம்

சண்டை நின்றிருந்த அந்த மாசி மாதம், குடாநாட்டுக்குச் சீமெந்து வரும் என்றார்கள், வரவில்லை. மருந்து வரும் என்றார்கள், அதுவும் வரவில்லை. அதிவேக மோட்டார் ஓட்டம் வந்துவிட்டது.

கொண்டுவந்தவர் கனகரட்ணம் என்ற ஓய்வுபெற்ற பெரிய உத்தியோகத்தர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, இளந்தாரி வயதில் சிங்கப்பூருக்குப் போய், அங்கே தெருக்களை மறித்துக் கார் ஓட்டுவதை ஒருநாள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவர். அந்த இரைச்சல் அவர் காதைவிட்டுப் போகவேயில்லை. இடையில் விழுந்த ஷெல்களாலும் அதை அடக்க முடியவில்லை. சண்டை நின்றதும் முதல் வேலையாகக் குடாநாட்டு அதிவேக மோட்டார் ஓட்டச் சபை என்று ஒன்றைக் கூட்டித் தானே தலைவரானார். கூட்டத்தில் யாரோ எழும்பி, "ஐயா, பெற்றோல் இல்லையே" என்று கேட்டாராம். "உது பெற்றோலின்ரை பிரச்சினை. ஓட்டத்தின்ரை பிரச்சினை இல்லை" என்று சொல்லி அவரை இருக்க வைத்துவிட்டார்.

ஓட்டப்பாதை இப்படி அமைந்தது: பிரதான வீதியால் போய், பஸ் நிலையத்தடியில் திரும்பி, ஆஸ்பத்திரி வீதியால் வந்து, திரும்பவும் பிரதான வீதியில் ஏறுவது. நகரத்து ஆஸ்பத்திரி இந்த வட்டத்துக்குள் அகப்பட்டுக்கொண்டது. "உள்ளுக்கை இருக்கிறது அவையளுக்கு இன்னும் பாதுகாப்பு" என்றார் தலைவர். ஆஸ்பத்திரி வாசலில் நல்ல வேப்பமர நிழல் இருந்தபடியால் பிரமுகர் மேடையையும் அந்த வாசலிலேயே போட்டார்கள். வாசல் அடைபட்டது.

கொழும்புத்துறைச் செபநாயகத்துக்கு இந்தச் சங்கதி ஒன்றும் தெரியாது. அவர் ஒரு பழைய ஒஸ்ரின் கார் வைத்து வாடகைக்கு ஹயர் ஓடிப் பிழைக்கிறவர். பெற்றோலில் பிறந்த அந்தக் காரை மண்ணெண்ணெய்க்குப் பழக்கி எடுத்திருந்தார். சேலைன் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் நாலு துளியைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ண வேண்டும். பிறகு மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடும். பின்னால் புகை எழும்பும். மிதிக்கத் தெரிந்த எந்தச் சைக்கிள்காரனும் அதை முந்திப் போவான்.

அன்று அவர் ஹயருக்கு வரவில்லை. பின் சீற்றில் அவருடைய மனைவி யசிந்தா முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு கிடந்தாள். முதல் நாளே வலது பக்கம் அடிவயிற்றில் தொடங்கிய குத்து விடிய விடியக் கூடியது. பாசையூர் டிஸ்பென்சறிக்காரர் கை வைத்துப் பார்த்துவிட்டு, "குடல்வால். இண்டைக்கே வெட்டோணும். வெடிச்சால் ஒண்டும் செய்யேலாது. உடனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடும்" என்று சொல்லிவிட்டார்.

பிரதான வீதி தொடங்குகிற இடத்தில் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. கயிற்றடியில், சிவப்புக் கொடியும் விசிலுமாகச் சந்தியோகு நின்றான். குருநகர் ஆள், கிழிந்த மீன் வலை பொத்துகிறவன். அன்றைக்குச் சபையின் பாதுகாப்புத் தொண்டன். செபநாயகத்தை அவனுக்கு நல்லாய்த் தெரியும். ஆனால் விசில் கழுத்தில் ஏறியபிறகு ஒருவரையும் தெரியாது என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"அண்ணை, பாதை பூட்டு."

"எடேய், மனிசிக்குக் குடல்வாலடா. ஆஸ்பத்திரிக்குப் போகோணும்."

"ஓட்டம் முடிஞ்சாப் பிறகுதான் கயிறு அவிழ்க்கலாம். அதிவேக வாகனங்கள் வரும். உயிராபத்து."

"எங்கையடா வருகுது?"

சந்தியோகு திரும்பிப் பார்த்தான். வீதி வெறுமையாய்க் கிடந்தது. ஒரு மாடு மட்டும் நடுவில் நின்று சுவரொட்டி ஒன்றைத் தின்றுகொண்டிருந்தது. "இன்னும் தொடங்கேல்லை அண்ணை" என்றான்.

"அப்ப தூக்கிக்கொண்டு நடந்து போறன்."

"பாதைக்குள்ளை ஆக்கள் நடந்தால் ஓட்டம் தொடங்கேலாது. ஓட்டம் தொடங்காட்டி முடியாது. முடியாட்டி நான் கயிறு அவிழ்க்கேலாது" என்றான் சந்தியோகு. இதை அவனுக்குப் பாடமாக்கிக் கொடுத்திருந்தார்கள். சொல்லும்போது அவனுக்கே வேர்த்தது.

கயிற்றடியில் இன்னொருவரும் காத்து நின்றார். அரியாலைப் பொன்னம்பலம், தோட்டக்காரர். சைக்கிள் கரியரில் மனைவி கமலாவதியை இருத்தி, சால்வையால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தார். விடியற்புறம் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டப் போன இடத்தில் அவள் காலில் பாம்பு கொத்திவிட்டது. முழங்கால்வரை வீங்கியிருந்தது. அந்த மனுசி முனகக்கூட இல்லை. கண் மட்டும் அடிக்கடி செருகியது.

"நான் வந்து கனநேரம். உவனைக் கும்பிட்டும் பாத்திட்டன்" என்றார் பொன்னம்பலம்.

அப்போது சபையின் செயலாளர் நோர்மன் சைக்கிளில் வந்து இறங்கினார். கழுத்தில் கைமைக் தொங்கியது. முகத்தில் பெரிய கவலை. விதிப்படி ஓட்டத்துக்கு ஐந்து வாகனம் வேண்டும். வந்தது நாலு: இரண்டு மொறிஸ் மைனர், கூரையில்லாத ஜீப் ஒன்று, சுன்னாகத்து லியோனின் லான்ட்மாஸ்ரர். தோட்டம் உழுகிற இரண்டு சில்லு மெசின், பின்னால் பெட்டியும் பூட்டியிருந்தது. அது மோட்டார் வாகனமா என்று சபை நீண்டநேரம் விவாதித்து, மோட்டார் இருக்கிறது, வாகனமாயும் இருக்கிறது என்று முடிவு கட்டியிருந்தது. ஐந்தாவதாக வருவதாகச் சொன்ன கார் வீட்டு வாசலிலேயே படுத்துவிட்டது.

நோர்மனின் கண் ஒஸ்ரினில் விழுந்தது. அவர் முகம் தெளிந்தது.

"உம்முடைய காரோ? ஓடுமோ?"

"ஓடும் ஐயா. மனிசியை ஆஸ்பத்திரிக்கு…"

"நீர்தான் ஐஞ்சாவது!" என்றார் நோர்மன். "போட்டியாளர் எண்டால் கயிறு அவிழ்க்கலாம். பாதையும் ஆஸ்பத்திரி வாசலாலைதான் போகுது. உமக்கும் வசதி, எங்களுக்கும் வசதி."

"வாசலிலை நிப்பாட்டலாமோ ஐயா?"

"முதலிலை ஓடும். நிக்கிறதைப் பற்றிப் பிறகு கதைப்பம்."

செபநாயகம் யசிந்தாவைப் பார்த்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "போங்கோ. எப்பிடியெண்டாலும் போங்கோ" என்றாள்.

கதவில் சுண்ணாம்பால் ஐந்து என்று எழுதினார்கள். யசிந்தா துணைச்சாரதி ஆக்கப்பட்டாள். துணைச்சாரதி முன் சீற்றில் இருக்கவேண்டும் என்பது விதி. அவளைத் தூக்கி முன்னுக்கு இருத்தியபோது அவள் வைத்த குரலில் சந்தியோகு முகத்தைத் திருப்பிக்கொண்டான். தலைக்கவசம் கட்டாயம் என்று நோர்மன் சபையின் ஒரே தலைக்கவசத்தை அவள் மடியில் வைத்தார். யசிந்தா குமட்டி அதற்குள் சத்தி எடுத்தாள்.

பொன்னம்பலம் மனைவியோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். "ஐயா, என்ரை மனிசியையும் பின்னாலை ஏத்தட்டே?"

"ஒரு வாகனத்துக்கு ரெண்டு பேர்தான். உம்மட்டை மோட்டார் வாகனம் ஏதும் இருக்கோ?"

"சைக்கிள் இருக்கு."

"சைக்கிளை நாங்கள் ஏற்கேல்லை" என்றார் நோர்மன், வருத்தத்தோடுதான். கயிறு அவிழ்ந்தது. ஒஸ்ரின் உள்ளே போனது. கயிறு கட்டப்பட்டது.

தொடக்கம் மேடைக்கு எதிரில்தான். செபநாயகத்துக்கு நெஞ்சுக்குள் குளிர்ந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்கும் அவருக்கும் இடையில் ஒரு மேடைதான் இருந்தது. மேடைக்குப் பக்கத்தில், ஓலைப் பந்தலின் கீழ், ஆஸ்பத்திரியில் இருந்த ஒரேயொரு சத்திரசிகிச்சை டொக்டர் தேவகுமாரியைக் கதிரை போட்டு இருத்தியிருந்தார்கள். ஓட்டத்தில் விபத்து நடந்தால் பார்க்க வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லி எடுத்த ஒழுங்கு. செபநாயகம் கதவைத் திறந்து காலை வெளியே வைத்தார். இரண்டு தொண்டர்கள் காலைத் தூக்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்கள். தலைவர் பேசத் தொடங்கிவிட்டார். அவர் பேசும்போது போட்டியாளர் இறங்கக்கூடாது.

"பெரியோர்களே!" என்றார் கனகரட்ணம். "எங்களிடம் பெற்றோல் இல்லை என்கிறார்கள். வேகம் பெற்றோலில் இல்லை, மனத்தில் இருக்கிறது. எங்களிடம் மருந்து இல்லை என்கிறார்கள். மருந்து வருத்தக்காரனுக்குத்தான் வேண்டும், ஓடுகிறவனுக்கு வேண்டாம். இன்று இந்த நகரத்தில் ஒருவரும் குறுக்கே நடக்கவில்லை. வீதிகள் வெறுமையாய்க் கிடக்கின்றன. முப்பது வருஷமாக நான் கண்ட கனவு இதுதான்!"

சனம் கைதட்டியது. கனகாலமாக அவர்கள் ஒன்றுக்கும் கைதட்டாமல் இருந்தவர்கள். ஒலிபெருக்கி மூன்று தரம் அறிவித்தது: "போட்டியாளர் எவருக்கும் விபத்து நேர்ந்தால் உடனடியாகச் சத்திரசிகிச்சை வழங்கப்படும். டொக்டர் தயார் நிலையில் இருக்கிறார். பார்வையாளர்களுக்கு இந்த வசதி இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறோம்."

பச்சைக் கொடி விழுந்தது. லான்ட்மாஸ்ரர் முதலில் கிளம்பியது, அது டீசல். மற்ற நாலும் போத்தல் எடுத்துத் துளி விட்டு, தள்ளி, துளி விட்டு, ஒருபடியாக உயிர் பிடித்தன. நகரம் முழுக்க மண்ணெண்ணெய்ப் புகை மூடியது. ஒஸ்ரின் போன வேகத்தில், வீதியோரமாய் ஒரு நாய் கூடவே நடந்து வந்தது. ஒவ்வொரு குழிக்கும் யசிந்தா, "என்ரை மாதாவே" என்றாள்.

வட்டம் சுற்றி மேடையடிக்கு வந்ததும் செபநாயகம் காரை நிறுத்திவிட்டார். "டொக்டர் அம்மா! டொக்டர் அம்மா!" என்று கத்தினார். ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் போட்டிருந்தார்கள். தேவகுமாரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐந்தாம் இலக்கத்தின் இயந்திரம் நின்றுவிட்டது! உதவுங்கள்!" என்று நோர்மன் கைமைக்கில் முழங்கினார். பத்துப் பேர் ஓடி வந்தார்கள். செபநாயகம் பிறேக்கை மிதித்துக்கொண்டு, "தள்ளாதையுங்கோ, நான்தான் நிப்பாட்டினனான், மனிசி சாகப்போறாள்" என்று கதறினார். அவர்கள் அவருடைய நன்றிக்குக் காத்திராமல் தள்ளினார்கள். அப்படி ஒரு ஒற்றுமையோடு தள்ளினார்கள், பிறேக் தோற்றது. கார் வாசலைத் தாண்டிப் போனது. சனம் எழும்பி நின்று கைதட்டியது.

செபநாயகம் ஸ்ரியறிங்கில் தலையை வைத்து அழுதார். கார் தன்பாட்டுக்குப் போனது.

"அழாதேங்கோ. றோட்டைப் பாருங்கோ" என்றாள் யசிந்தா. அவள் உடம்பு அனலாய்க் கொதித்தது.

திரும்பவும் கயிற்றடி. பொன்னம்பலம் சைக்கிளைப் போட்டுவிட்டு, கமலாவதியைக் கையில் ஏந்தியபடி கயிற்றுக்குக் கீழால் குனிந்து பாதைக்குள் வந்துவிட்டார். சந்தியோகு விசிலை வாயில் வைத்தான். ஊதவில்லை. ஒஸ்ரின் நிற்கத் தேவையில்லாமலிருந்தது. பொன்னம்பலம் பக்கத்தில் நடந்துவந்தே பின்கதவைத் திறந்து மனைவியை உள்ளே கிடத்தித் தானும் ஏறினார்.

"கண்ணைத் துற கமலா. கார் கிடைச்சிட்டுது" என்றார். அவள் கண்ணைத் திறந்தாள். வெள்ளைதான் தெரிந்தது.

"ஐந்தாம் இலக்கம் பாரத்தைக் கூட்டியுள்ளது! இது ஒரு புதிய உத்தியாக இருக்கலாம்!" என்றது ஒலிபெருக்கி.

பஸ் நிலையத்தடியில் திரும்பும்போது யசிந்தா திடீரென்று புருசனின் கையைப் பிடித்தாள். "இஞ்சாருங்கோ. உவங்கள் என்ன சொல்லுறாங்கள் எண்டு கேட்டியளே?"

ஒலிபெருக்கி அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது: போட்டியாளர் எவருக்கும் விபத்து நேர்ந்தால்.

"நான் போட்டியாளர்தானே?" என்றாள் யசிந்தா.

"ஓம்."

"அப்ப கொண்டுபோய் இடியுங்கோ."

செபநாயகத்துக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. அந்தக் கார் அவருக்கு எல்லாம். அதைக் கழுவாமல் ஒரு நாளும் படுத்ததில்லை. "எதிலையடி இடிக்கிறது?"

"வாசலை மறிச்சுக்கொண்டு நிக்கிற அதிலைதான்."

அவர் பின்னால் பார்த்தார். பொன்னம்பலம் மனைவியின் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, "நாங்கள் பிடிச்சுக்கொண்டிருக்கிறம். இடியும் அண்ணை" என்றார்.

செபநாயகம் ஊருகிற காரிலிருந்து இறங்கிக் கூடவே நடந்து, சேலைன் போத்தலில் மிச்சமிருந்த பெற்றோல் முழுவதையும் தாங்கிக்குள் ஊற்றிவிட்டுத் திரும்ப ஏறினார். ஒஸ்ரினுக்குத் தன் பழைய சாப்பாட்டின் ருசி நினைவு வந்தது. அன்றைய ஓட்டத்தில் வேகம் என்று சொல்லக்கூடிய ஒன்று அப்போதுதான் நடந்தது. மேடைக்கு முன்னால் பாதுகாப்புக்கு அடுக்கியிருந்த மண் மூட்டைகளைத் தள்ளிக்கொண்டு போய், மேடையின் முன்னங்காலில் கார் ஏறி நின்றது. மேடை ஒரு பக்கமாய்ச் சரிந்தது. பிரமுகர்கள் கதிரைகளோடு ஒருவர் பின் ஒருவராக வழுக்கி வந்து வேப்பமரத்தடியில் சேர்ந்தார்கள். நாதஸ்வரம் நின்றது.

தேவகுமாரி முதல் ஆளாய் ஓடி வந்தார். யசிந்தாவின் வயிற்றில் கை வைத்தவுடனே அவர் முகம் மாறியது. செபநாயகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"இது இப்ப வந்த வயித்து நோ இல்லையே?"

"இல்லை அம்மா. நேற்றையிலை இருந்து." அவர் கைகூப்பினார். "வேறை வழி தெரியேல்லை."

"உங்களை ஆர் மறிச்சது?" என்று கேட்டார் தேவகுமாரி. பிறகு சுற்றிவரப் பார்த்துவிட்டு, அந்தக் கேள்வியை விட்டுவிட்டார். "ரெண்டு பேரையும் உள்ளை கொண்டு வாருங்கோ."

நோர்மன் முழங்கை தேய்ந்து இரத்தம் வடிய வந்து நின்றார். "டொக்டர், ஒரு சின்ன விசயம். முன்னுக்கு இருந்தவ போட்டியாளர். பின்னுக்குக் கிடக்கிறவ பதியப்படாத ஆள். விதிப்படி அவவுக்கு உந்த வசதி…"

"விலகும்" என்றார் தேவகுமாரி.

யசிந்தாவை ஒப்பரேசன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். விறாந்தையில் செபநாயகமும் பொன்னம்பலமும் சுவரோடு சாய்ந்து குந்தியிருந்தார்கள். உள்ளே போகமுன் தேவகுமாரி கமலாவதிக்கு, இருந்த பாம்பு மருந்தை ஏற்றிவிட்டுப் போயிருந்தார். இருந்தது கொஞ்சம். அது வேலை செய்யும்வரை கமலாவதி காத்திருக்கவில்லை. பக்கத்தில் நின்ற தாதி வெளியே வந்து, பொன்னம்பலத்தின் தோளில் கைவைத்து, "கொஞ்சம் முந்திக் கொண்டந்திருந்தால் ஐயா" என்றாள். "முந்தித்தான் பிள்ளை கொண்டந்தனான்" என்றார் பொன்னம்பலம்.

வெளியில் ஓட்டம் முடிந்தது. ஒருபோதும் நிற்காமலும் வேகமெடுக்காமலும் போன லியோனின் லான்ட்மாஸ்ரர் முதலாவதாக வந்தது.

நெற்றியில் பிளாஸ்ரர் ஒட்டிக்கொண்டு, கையில் மாலையோடு தலைவர் விறாந்தைக்கு வந்தார். நோர்மன் பின்னால் வந்தார். செபநாயகம் எழும்பி நின்றார். பொலிசுக்கோ யாருக்கோ பிடித்துக் கொடுக்கப்போகிறார்கள் என்று நினைத்தார். கனகரட்ணம் அவருக்கு மாலையைப் போட்டார்.

"நீர் எங்கடை மானத்தைக் காப்பாத்தினீர்" என்றார். "விபத்து இல்லாத ஓட்டத்தை உலகத்திலை ஒருத்தனும் ஓட்டம் எண்டு சொல்லமாட்டான். சிங்கப்பூரிலை நான் பாத்த அண்டைக்கே ரெண்டு விபத்து. இஞ்சை ஒண்டும் நடவாமல் முடிஞ்சிடுமோ எண்டு பயந்துகொண்டிருந்தனான். விபத்து நடந்தது, எங்கடை மருத்துவ ஒழுங்கு உடனை வேலை செய்தது, உயிர்ச்சேதம் இல்லை. இதைவிட வேறென்ன வேணும்?"

"ஐயா" என்றார் செபநாயகம். "இவரின்ரை மனிசி செத்துப்போச்சு."

தலைவர் பொன்னம்பலத்தைப் பார்த்தார். உண்மையாகவே இரங்கினார். பிறகு நோர்மனிடம் திரும்பி, "எத்தினையாம் இலக்கம்?" என்று கேட்டார்.

"இலக்கம் இல்லை ஐயா."

"அப்ப அது எங்கடை கணக்கிலை வராது" என்றார் தலைவர். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கின குரல். "பாவம். சாகிற வயசும் இல்லை."

பொன்னம்பலம் மெல்ல எழும்பினார். "ஐயா, அவளை வீட்டை கொண்டுபோகோணும். றோட்டைத் துறந்தாச்சோ?"

நோர்மன் தொண்டையைச் செருமினார். "இன்னும் வெற்றிச் சுற்று இருக்கு. அதுக்குப் பிறகு பரிசளிப்பு. அது முடியுமட்டும் போட்டி வாகனம் தவிர வேறொண்டும்…"

தியேட்டர் கதவு திறந்து தேவகுமாரி வந்தார். "வெடிக்கிற கட்டத்திலைதான் எடுத்தனாங்கள். தப்பியிடுவா எண்டு நினைக்கிறன். ரெண்டு மூண்டு நாள் பாப்பம்" என்றார். செபநாயகம் கழுத்து மாலையைக் கழற்றி வாங்குப் பலகையில் வைத்துவிட்டு, கதவிடுக்கால் யசிந்தா மயங்கிக் கிடப்பதை ஒருதரம் பார்த்தார். பிறகு பொன்னம்பலத்தோடு போனார். அந்த மனுசன் தனியே எப்படித் தூக்குவார்?

கமலாவதியைப் பாயில் சுற்றி இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு, சரிந்த மேடையைச் சுற்றி வீதிக்கு வந்தார்கள். லியோன் தலைப்பாகை கட்டி, கழுத்தில் மாலையோடு வெற்றிச் சுற்றுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தான். பாயைக் கண்டான். மெசினை நிறுத்தி, பெட்டிக்குள் கிடந்த பூக்களை ஒருபக்கம் ஒதுக்கினான்.

லான்ட்மாஸ்ரர் பிரதான வீதியால் போனது. பொன்னம்பலம் பெட்டிக்குள் மனைவியின் தலைமாட்டில் இருந்தார். செபநாயகம் பின்னால் நடந்தார். மெசினோடு சேர்ந்து நடக்க முடிந்தது. இரண்டு பக்கமும் சனம் கைதட்டியது. சிலர் பூ எறிந்தார்கள். பெட்டி தங்களைக் கடந்தபிறகுதான் அவர்களுக்கு விளங்கியது. கைதட்டல் முன்னால் கேட்டுக்கொண்டும் பின்னால் அடங்கிக்கொண்டும் வந்தது.

கயிற்றடியில் லியோன் வட்டத்தில் திரும்பவில்லை, நேரே வந்தான். சந்தியோகு தூரத்திலிருந்தே கண்டுவிட்டான். கயிற்றை அவிழ்க்கவில்லை, கத்தியை எடுத்து அறுத்தான். மெசின் அரியாலைப் பக்கம் போனது. முதலாம் இடம் பெற்ற வாகனம் உடனடியாக மேடைக்கு வரவேண்டும் என்று நோர்மன் கைமைக்கில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

செபநாயகம் திரும்பி நடந்து ஆஸ்பத்திரிக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. யசிந்தா கண் விழித்திருந்தாள். உதடு வறண்டிருந்தது.

"எங்கை போனனீங்கள்?"

"இஞ்சைதான்."

அவள் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "எங்களோடை வந்த அந்தப் பாம்பு கொத்தின மனிசி எப்பிடி?"

வெளியே தலைவர் பரிசளிப்பு உரையில், உயிர்ச்சேதம் எதுவுமில்லாத ஓட்டம் என்று இரண்டாம் தரம் சொன்னார். சனம் கைதட்டியது உள்ளே கேட்டது. செபநாயகம் போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டார்.

"வீட்டை போயிட்டா" என்றார். "நீ படு."